5,000 டன் தூக்கும் 'பிக் கார்ல்' கிரேன்... 245 டன் மூடிக்கு காற்று அடங்கும் வரை காத்திருந்தது ஏன்?

இங்கிலாந்தின் சோமர்செட் கடற்கரையில் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையம் கட்டப்பட்டு வருகிறது. 2023 டிசம்பர் 15-ம் தேதி காலை, அங்கே முதல் அணு உலைக் கட்டடத்தின் மேல் ஒரு இரும்பு மூடி உட்கார வைக்கப்பட்டது. எடை 245 டன், அகலம் 47 மீட்டர். 2025 ஜூலையில் இரண்டாவது உலைக்கும் அதேபோல ஒன்று ஏறியது. இரண்டையும் தூக்கியது 'பிக் கார்ல்' என்ற ராட்சத கிரேன்.

அந்த வீடியோக்களை செல்போனில் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். 5,000 டன் தூக்குவதற்காகச் செய்யப்பட்ட கிரேன் இது. 245 டன் என்பது அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அப்படியிருந்தும் காற்று எப்போது தணியும் என்று காத்திருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகத் தூக்கினார்கள். எதற்கு இவ்வளவு பயம்?

இதற்குப் பதில், செய்திகளில் பெரிதாகப் போடும் அந்த 'டன்' கணக்கில் இல்லை.

டன் மட்டும் பார்த்தால் போதாது

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் அரை நிமிடம் தாங்குமா? குடத்தின் எடை மாறவில்லை. உடம்புக்கும் குடத்துக்கும் இடையில் உள்ள தூரம்தான் மாறியது.

கிரேனுக்கும் இதே கதைதான். பிக் கார்லின் அசல் பெயர் எஸ்ஜிசி-250. பெல்ஜியத்தைச் சேர்ந்த சாரன்ஸ் நிறுவனத்துடையது. அந்த நிறுவனத்தின் கார்ல் சாரன்ஸ் பெயரைத்தான் செல்லமாக வைத்திருக்கிறார்கள். பெயரில் உள்ள 250 என்பது 2,50,000 டன்-மீட்டரைக் குறிக்கிறது. அதாவது எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வரும் கணக்கு. கிரேனிலிருந்து 50 மீட்டர் தள்ளி என்றால் 5,000 டன். 125 மீட்டர் தள்ளி என்றால், வெறும் பெருக்கல் கணக்கிலேயே 2,000 டன்தான். நடைமுறையில் இன்னும் குறையும். ஏனென்றால் நீண்டு நிற்கும் பூம், அதாவது கிரேனின் கை, தன் எடையையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும்.

முன்பக்கம் இவ்வளவு எடை தொங்கினால் கிரேன் ஏன் குப்புற விழுவதில்லை? பின்பக்கம் எதிர் எடை இருக்கிறது. கிணற்றில் இறைக்கும் ஏற்றத்தின் மறுமுனையில் கல் கட்டுவார்களே, அதே ஏற்பாடு. இங்கே கல்லுக்குப் பதில் 100 டன் வீதம் 52 கன்டெய்னர்கள், மொத்தம் 5,200 டன். இவ்வளவையும் வைத்துக்கொண்டு 96 சக்கரங்களில், தண்டவாளத்தின் மேல் இடம்விட்டு இடம் நகரவும் செய்கிறது. பிரித்த பாகங்களாக இந்தத் தளத்துக்கு வந்து சேர சுமார் 280 லாரி லோடுகள் ஆனது.

எதற்கு இவ்வளவு பெரிய கிரேன்?

முன்பெல்லாம் உயரத்தில் ஏறி நின்று துண்டு துண்டாக வெல்டிங் செய்வார்கள். இப்போது தரையிலேயே, கூரைக்கு அடியில் பெரிய பாகமாகச் செய்துவிட்டு ஒரே தூக்கில் மேலே வைக்கிறார்கள். ஹிங்க்லியில் 700-க்கும் மேற்பட்ட பாகங்களை இப்படித் தூக்குவது திட்டம். வெல்டிங் தரமாக இருக்கும், உயரத்தில் ஆட்கள் வேலை செய்யும் நேரமும் குறையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயிரம் சின்ன ரிஸ்க்குகளை எடுத்து ஒரு பெரிய ரிஸ்க்காகச் சேர்த்துவிட்டோம் என்பதையும் மறக்கக் கூடாது. இத்தனைக்கும், 2025-ல் மின்சாரம் வரும் என்று 2016-ல் சொல்லப்பட்ட திட்டம் இது. 2029-லிருந்து 2031-க்குள் என்று 2024 ஜனவரியில் தள்ளிப்போட்டார்கள். ஒவ்வொரு நாளும் பணம் கரையும் இடத்தில், 'இன்னைக்குக் காத்து சரியில்ல, வேண்டாம்' என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை.

அப்படிச் சொல்லாத ஒரு நாள்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம், 1999 ஜூலை 14. மில்லர் பார்க் பேஸ்பால் மைதானத்துக்குத் திறந்து மூடும் கூரை அமைத்துக்கொண்டிருந்தார்கள். 'பிக் ப்ளூ' என்ற கிரேன், 400 டன்னுக்கும் அதிகமான ஒரு கூரைத் துண்டைத் தூக்கியது. கிரேன், அமெரிக்கக் கணக்கில் 1,500 டன் ரகம். டன்னை மட்டும் பார்த்தால் பிரச்னையே இல்லை.

ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது. கிரேன் மீது காற்று எவ்வளவு தள்ளும் என்று கணக்கு இருந்தது. தொங்கிக்கொண்டிருந்த கூரைத் துண்டின் மீது எவ்வளவு தள்ளும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. அகலமான அந்தத் துண்டு, பாய்மரம் மாதிரி காற்றை வாங்கியது. பக்கவாட்டில் இழுபட்ட கிரேன் முறிந்து விழுந்தது. வேறொரு கிரேனில் தொங்கிய கூண்டில் நின்றிருந்த மூன்று இரும்பு வேலைத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பணியிடப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் எடுத்துக்கொண்டிருந்த வீடியோவில் அந்த விழுகை அப்படியே பதிவாகியிருக்கிறது. குடும்பங்களுக்கு 9.9 கோடி டாலர் தரச் சொல்லி 2000 டிசம்பரில் ஜூரி தீர்ப்பளித்தது. வழக்கு அதன் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது. மைதானத்தின் வாசலில் அந்த மூவருக்கும் நினைவுச் சிலை இருக்கிறது.

பூம் முன்னோக்கி வரும் எடையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. பக்கவாட்டில் அதற்கு அந்தப் பலம் கிடையாது. 47 மீட்டர் அகல மூடியைத் தூக்க ஹிங்க்லியில் காத்திருந்ததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

அலமாரியில் நிற்கும் ராட்சதன்

இந்த கிரேன்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. ஜெர்மனியின் கான்ராட், என்இசட்ஜி, நெதர்லாந்தின் டபிள்யூஎஸ்ஐ போன்ற நிறுவனங்கள் அசலை 50 மடங்கு சுருக்கி உலோக மாடல்கள் செய்கின்றன. கொக்கிக்கு நூல் கோக்கும் முறைகூட அசல் மாதிரியே இருக்கும். விலை சில நூறு யூரோக்கள் வரை போகும். வாடிக்கையாளருக்குப் பரிசாகத் தர கிரேன் நிறுவனங்களே வாங்குவதும் உண்டு. 2023-ல் லெகோ, 3,000 டன் தூக்கும் லீபெர் எல்ஆர் 13000 கிரேனை 2,883 துண்டுகள் கொண்ட செட்டாக வெளியிட்டது. விலை கிட்டத்தட்ட 700 டாலர்! லெகோ ரசிகர்களே முணுமுணுத்தார்கள்.

பொம்மைதானே என்று ஒதுக்க வேண்டாம். பூமைச் சாய்க்கச் சாய்க்க மாடலின் பின்பக்கம் லேசாகத் தூக்குவதைக் கண்ணால் பார்க்கலாம். தூரக் கணக்கைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் மாடல் காட்டாத ஒன்றும் இருக்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 50 மடங்கு குறைந்தால் எடை 1,25,000 மடங்கு குறையும். 245 டன் மூடி, அந்த அளவில் சுமார் 2 கிலோ. பூமின் கம்பிகளுக்கு உள்ள குறுக்குப் பரப்போ 2,500 மடங்குதான் குறைகிறது. அதனால் மாடலின் கை தன் எடையை உணர்வதே இல்லை, ஜாலியாக நிற்கும். அசல் கிரேன் முதலில் தன்னைத்தானே தாங்க வேண்டும், பிறகுதான் சுமை. கண்ணாடி அலமாரிக்குள் காற்றும் அடிக்காது. இன்னொரு வேடிக்கை, 250 மீட்டர் வரை உயரக்கூடிய பிக் கார்லை முழு உயரத்தில் 50 மடங்கு சுருக்கினாலும் 5 மீட்டர் வரும். எந்த வீட்டு ஹாலிலும் அடங்காது.

ஹிங்க்லியில் இரண்டு மூடிகளும் ஏறிவிட்டன. இதே வடிவமைப்பில் சைஸ்வெல் சி என்ற நிலையத்துக்கு பிரிட்டன் அரசு 2025 ஜூலையில் இறுதி ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அங்கும் இரண்டு உலைகள், இரண்டு மூடிகள். அதுவும் கடலோரம்தான்.