பேரனுக்கு எந்தப் பெயர்?

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது லண்டனில் வாழ்கிறார். சில மாதங்களுக்கு முன் அவருடைய மடல் வந்தது. ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அகீகா முடிந்தும் பெயர் முடிவாகவில்லை. அங்கே பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. காயல்பட்டினத்திலிருக்கும் தாயார், மறைந்த தம் கணவரின் பெயராகிய முகைதீனையே சூட்ட வேண்டுமென்கிறார். மாணவருக்கோ தயக்கம். அப்பெயர் மகனுக்குச் சுமையாகுமோ என்று அஞ்சுகிறார்.

அச்சம் வீணன்று. 2009இல் பிரிட்டிஷ் அரசு செய்வித்த ஆய்வொன்றில், ஒத்த தகுதியுள்ள வேலை விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. சாதகமான ஒரு பதில் பெற வெள்ளையர் பெயருக்குச் சராசரியாக 9 விண்ணப்பங்கள் போதுமாயின; சிறுபான்மையினர் பெயருக்கு 16 தேவைப்பட்டன. "மீதி 7 விண்ணப்பங்களை என் மகன் எதற்காக எழுத வேண்டும், உஸ்தாத்?" என்று கேட்டிருந்தார்.

முன்னர்க் குடியேறியோர் பட்ட பாடு வேறு. சில்ஹெட்டிலிருந்து சென்ற வங்காள முஸ்லிம்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் பெரிதும் இருந்ததில்லை. கணவர் மியா, மனைவி பேகம், மகன் அலி என ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் படிவத்தில் ஏறின. பேகம் என்பது வெறும் மரியாதைச் சொல்! தலைப்பெழுத்தோடு நிற்கும் நம்மவரும் கடவுச்சீட்டு வாங்கும்போது இத்தொல்லையை அறிவர்.

இன்று பலர் இரு சாராருக்கும் பழகிய ஆதம், யூசுப், மர்யம், ஸாரா போன்ற பெயர்களை நாடுகின்றனர். இதில் நான் குறை காணேன். நபி (ஸல்) அவர்கள் பொருள் தீயதான பெயர்களை மாற்றினார்கள். மாறு செய்பவள் எனப் பொருள்படும் ஆஸியாவை ஜமீலா ஆக்கினார்கள். (ஃபிர்அவ்னின் துணைவியார் பெயர் வேறு, அரபியில் எழுத்தே வேறு.) உமர், காலித் (ரலி) ஆகியோர் இஸ்லாத்திற்கு முந்தைய பெயர்களுடனேயே இருந்தனர்.

ஆயினும், அச்சம் ஒன்றே பெயரைத் தேர்ந்தெடுக்கலாமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023இல் ஆண் குழந்தைகளுக்கு மிகுதியாகச் சூட்டப்பட்ட பெயர் முஹம்மத். ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் 4,661 குழந்தைகள். அத்தனை பெற்றோரும் வேலைச் சந்தையை அறியாதவர்களா?

இவற்றையே எழுதி அனுப்பினேன். 'ஆதம் முகைதீன்' என்று பதிந்துவிட்டதாகப் பதில் வந்தது. பாட்டியார் தொலைபேசியில் முகைதீன் என்றே அழைக்கிறாராம். குழந்தையும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறதாம்.