வளர மறுத்த பூச்சிகள்... காட்டிக்கொடுத்த பேப்பர்!

கம்பளிப்பூச்சி பட்டாம்பூச்சியாக மாறுவது எல்லோருக்கும் தெரியும். மாறும் நேரம் வந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி, சாதாரண பேப்பர் டவலில் கிடைத்தது.

1960-களின் நடுவில், செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த விஞ்ஞானி காரெல் ஸ்லாமா, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிராக் நகரில் வளர்த்துவந்த சிவப்பு, கறுப்பு நிறப் பூச்சிகளையும் உடன் எடுத்துச் சென்றார். நம் ஊர் பருத்திக்காயில் மொய்க்கும் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு இவை சொந்தக்காரர்கள்.

வழக்கமாக ஐந்தாவது முறை தோலுரித்ததும் இவை முழுப்பூச்சியாகிவிடும். ஹார்வர்டில் அது நடக்கவில்லை. தோலுரித்த பிறகும் குஞ்சாகவே இருந்தன. உடம்பு மட்டும் பெருத்து, முழுப்பூச்சி ஆகாமலேயே செத்துப்போயின.

ஸ்லாமாவும் ஹார்வர்டு பேராசிரியர் கரோல் வில்லியம்ஸும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சிக்கியது, பூச்சிகளின் கண்ணாடித் தட்டில் விரித்திருந்த பேப்பர் டவல்! 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழை விரித்தாலும் பூச்சிகள் வளரவில்லை. லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் விட்டால் ஒழுங்காக வளர்ந்தன. அமெரிக்கப் பேப்பருக்குக் கூழ் தரும் பால்சம் ஃபிர் மரத்தில் இருந்த வேதிப்பொருள்தான் காரணம். அது, பூச்சியின் உடலில் சுரக்கும் 'இளமை ஹார்மோன்' போலவே வேலை செய்தது.

'உரி' என்பது ஒன்று... 'இரு' என்பது இன்னொன்று!

பூச்சியின் உருமாற்றத்தை முக்கியமாக இரண்டு ஹார்மோன்கள் நடத்துகின்றன. முதலாவது, எக்டைசோன். 'பழைய தோலை உரி' என்று உத்தரவிடுவது இதுதான். 1954-ல் ஜெர்மனி விஞ்ஞானிகள் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்துப் பிரித்தபோது இது கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம்!

இரண்டாவது, மூளைக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பியிலிருந்து வரும் இளமை ஹார்மோன். தோலுரித்த பிறகு யாராக இருக்க வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. இது இருக்கும்வரை புழு தோலுரித்தாலும் பெரிய புழுவாகத்தான் ஆகும். இது குறைந்தால்தான் கூட்டுப்புழு, பிறகு முழுப்பூச்சி. அதாவது, புழுவைப் பெரியதாக்க தனியாக ஒரு ஹார்மோன் வருவதில்லை. 'இன்னும் குழந்தையாகவே இரு' என்று பிடித்துவைத்திருந்த கை விலகுகிறது. அவ்வளவுதான்.

மரபணுக்களின் சாவி

ஹார்மோன் என்பது தபால் மாதிரி. அதைப் படித்துச் செயல்படுவது மரபணுக்கள். இளமை ஹார்மோன் இருக்கும்போது 'கேஆர்-ஹெச்1' என்ற மரபணு விழித்திருக்கும். அது, முழுப்பூச்சியை உருவாக்கும் 'ஈ93' மரபணுவைத் தலைதூக்க விடாது. ஹார்மோன் குறைந்ததும் 'பிராட்' என்ற மரபணு கூட்டுப்புழுவை உருவாக்குகிறது. அதன்பிறகு 'ஈ93' பொறுப்பேற்று இறக்கையும் கால்களுமாக முழுப்பூச்சியைக் கட்டி எழுப்புகிறது.

கொசுவுக்கு வைத்த வேட்டு

இளமை ஹார்மோனைப்போல நடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்தால் என்ன ஆகும்? கொசுப்புழு, கூட்டுப்புழு வரை வரும். ஆனால் கொசுவாக வெளியே பறக்க முடியாமல் உள்ளேயே இறந்துவிடும். மெத்தோபிரீன், பைரிபிராக்ஸிஃபென் ஆகிய மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. மருந்து போட்ட தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்து 'மருந்து வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டக் கூடாது. கொசு வெளியே வருகிறதா என்பதுதான் கணக்கு.

தன் சொந்த ஹார்மோனையே ஒரு பூச்சி எதிர்த்து நிற்க முடியாது என்று வில்லியம்ஸ் நம்பினார். ஆனால், 1986-ல் மெத்தோபிரீனைத் தாங்கி உயிர்வாழும் பழ ஈக்கள் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன. அவற்றில் ஒரேயொரு மரபணு மாறியிருந்தது. இளமை ஹார்மோன் வந்து ஒட்டும் இடத்தை உருவாக்குவதே அந்த மரபணுதான் என்பது பின்னர் தெரியவந்தது. பூட்டு மாறினால் கள்ளச்சாவி எப்படித் திறக்கும்?

அதனால் மருந்தை மட்டும் நம்ப முடியாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக வெயில் காலத்தில் ஏழு முதல் பத்து நாள்கள் போதும். முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. வாரம் ஒருமுறை டிரம்மையும் தொட்டியையும் காலிசெய்து, உள்பக்கம் நன்றாகத் தேய்த்துக் கழுவி, மூடிவையுங்கள். இதை எதிர்த்து நிற்க எந்த மரபணுவாலும் முடியாது!