குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது பாவமா?

லாங் பஜாரில் மஃரிபு தொழுகைக்குப் பின் ஒரு கடை வாசலில் பேச்சு எழுந்தது. திருட்டு வழக்கில் கைதானவனுக்காக நம் ஜமாஅத்தின் இளம் வழக்கறிஞர் ஆஜரானாராம். "இது ஹலாலான சம்பாத்தியமா?" என்று பெரியவர் ஒருவர் வினவினார்.

கேள்வி நியாயமானதே. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாமென அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஆயினும் அதன் பின்னணியாகத் தஃப்ஸீர்களில் பரவலாகக் கூறப்படும் அறிவிப்பைக் கவனியுங்கள். திருடியவன் முஸ்லிம்களோடு சேர்ந்திருந்த குலத்தான். பழி சுமந்தவரோ ஒரு யூதர். குலத்தார் தம்மவனுக்காகப் பரிந்து பேசினர். இறைவசனமோ நிரபராதியின் பக்கம் நின்றது. ஆகவே, தெரிந்தே பொய்க்குத் துணைபோவதுதான் தடை. பழி மெய்யா என்று சோதிப்பது தடையன்று.

மும்பைத் தாக்குதல் வழக்கில் ஃபஹீம் அன்சாரிக்காக வாதாடிய ஷாஹித் ஆஸ்மி, 2010 பிப்ரவரி 11 அன்று தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதம் நீதிமன்றம் அவ்வழக்கிலிருந்து அன்சாரியை விடுவித்தது. 2012இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஊர் வசைக்கு அஞ்சி எவரும் முன்வராதிருந்தால் அவர் நிலை என்ன?

நமக்கு வேண்டாதவருக்கும் இந்த உரிமை உண்டு. காவலர்களுக்காக எவரும் ஆஜராகக் கூடாதென்ற கோவை வழக்கறிஞர்களின் தீர்மானம் செல்லாதென 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பொய்ச்சாட்சி தயாரிக்கும் வழக்கறிஞர் மறுமையில் பதில் சொல்லியே ஆகவேண்டும். மற்றவரை ஏசும்முன் சிந்திப்போம்: நாளை நம் பிள்ளை பிடிபட்டால், இரவோடிரவாக யார் வீட்டுக் கதவைத் தட்டுவோம்?

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.