நான்கு நிமிட லாபம், ஒன்பது மாத மௌனம்

கனடா என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது நயாகரா, பனி, மேப்பிள் இலை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் "சுற்றுச்சூழலை மதிக்கிற நாடுப்பா" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு.

2023 பிப்ரவரி முதல் வாரம். வட அமெரிக்க டிவிக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீனாவின் பலூன் ஒன்றை அமெரிக்கா 4ஆம் தேதி சுட்டு வீழ்த்தியது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் பலூன்தான். அதே நாட்களில் கீழே, ஆல்பர்ட்டா மாகாணத்தில் இம்பீரியல் ஆயில் கம்பெனியின் கேர்ல் சுரங்கத்தில், ஒரு வடிகால் குட்டை நிரம்பி 53 லட்சம் லிட்டர் கழிவுநீர் வெளியே ஓடியது. அதை எத்தனை பேர் கவனித்தார்கள்?

ஆல்பர்ட்டாவில் எண்ணெய் நம் ஊர் போர்வெல் தண்ணீர் மாதிரி பீறிட்டு வராது. தார் போன்ற பிட்டுமன் மணலோடு ஒட்டிக் கிடக்கும். மணலைத் தோண்டி, வெந்நீர் விட்டு அலசிப் பிரிக்க வேண்டும். அலசிய தண்ணீரில் களிமண், மிச்ச எண்ணெய், நச்சு அமிலங்கள் எல்லாம் தங்கிவிடும். அதை ஆற்றில் விட அனுமதி இல்லை. அதனால் பெரிய பெரிய குட்டைகள் வெட்டித் தேக்கி வைக்கிறார்கள். 1967ல் தொடங்கிய வேலை. இன்றைக்கு அந்தக் குட்டைகளில் இருப்பது 1,40,000 கோடி லிட்டருக்கும் மேல்! (ஆமாம், பூஜ்யங்களைச் சரியாக எண்ணித்தான் எழுதியிருக்கிறது.)

வழிந்தது ஒரு கதை என்றால் கசிந்தது இன்னொரு கதை. கேர்ல் சுரங்கத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் நிறம் மாறியிருப்பது 2022 மே மாதமே தெரிந்துவிட்டது. அப்போது சுற்றியிருக்கும் பூர்வகுடிகளுக்கு ஒரு முதல் தகவல் போனது. அது குட்டையிலிருந்து கசிந்த கழிவுநீர்தான் என்று பிறகு தெரிந்தபோது, அதைச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. 2023 பிப்ரவரியில், குட்டையும் வழிந்து, ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் முழு விவரமும் வெளியே வந்தது. கிட்டத்தட்ட ஒன்பது மாதம்.

அந்த ஒன்பது மாதமும் மக்கள் அந்தப் பகுதியில் வேட்டையாடிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள் என்று அதபாஸ்கா சிப்பேவியன் பூர்வகுடியின் தலைவர் ஆலன் ஆடம் கொதித்தார். ஆற்றின் கீழ்த்திசையில் இருக்கிறது ஃபோர்ட் சிப்பேவியன். சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். குளிர்காலத்தில் பனிப்பாதை, மற்ற நாட்களில் படகு அல்லது விமானம். கடையில் வாங்கும் பொருள் யானை விலை. காட்டு இறைச்சியும் மீனும் அவர்களுக்கு அன்றாடச் சாப்பாடு, பொழுதுபோக்கு கிடையாது. குடிநீருக்கோ விலங்குகளுக்கோ பாதிப்பில்லை என்றது கம்பெனி. இருக்கட்டும். அப்படியென்றால் அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?

சரி, அரசாங்கம் என்ன செய்தது? ஆல்பர்ட்டா எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வெளியாள் வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. ஆணையம் தன் விதிகளைப் பின்பற்றியது, ஆனால் அந்த விதிகளே போதவில்லை என்று முடிவு வந்தது. அருமை! இந்த ஆணையம் நடப்பதே எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக் கம்பெனிகளிடம் வசூலிக்கும் கட்டணத்தில்தான் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கணக்கு. பிப்ரவரியில் குட்டை வழிந்ததற்காக 2024 ஆகஸ்டில் இம்பீரியலுக்குப் போட்ட அபராதம் 50,000 கனடிய டாலர். அந்தக் கம்பெனியின் 2022ஆம் ஆண்டு நிகர லாபம் சுமார் 734 கோடி கனடிய டாலர். ஒரு நாளைக்கு 2 கோடி. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 14,000. அதாவது அபராதம், நான்கு நிமிட லாபம் கூட இல்லை. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சம்பாதித்துவிடலாம்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தவறைத் தடுக்கும் செலவை விட அபராதம் சின்னதாக இருந்தால், அது தண்டனையே இல்லை. லாப நட்டக் கணக்கில் "இதர செலவுகள்" என்ற வரியில் உட்கார்ந்துவிடும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தச் சுரங்கங்களை மூடிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு 5,000 கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பீடு. அதற்காகக் கம்பெனிகளிடம் பிணையாக வாங்கி வைத்திருப்பது 200 கோடிக்கும் குறைவு. மீதிக்கு யார் ஜவாப்தாரி? எண்ணெய் தீர்ந்து கம்பெனி நடையைக் கட்டினால் வரி கட்டுகிற கனடியன்தான். லாபம் பங்குதாரருக்கு (இம்பீரியலில் கிட்டத்தட்ட 70 சதவீதம் எக்ஸான்மொபில் கையில்), நட்டம் ஊருக்கு.

"எண்ணெய்தானே வேலை தருகிறது, வரி தருகிறது?" என்று கேட்பார்கள். உண்மைதான். பூர்வகுடி மக்களிலேயே பலர் அந்தச் சுரங்கங்களை நம்பிப் பிழைக்கிறார்கள். சுரங்கத்தை நாளைக்கே இழுத்து மூடு என்பதல்ல இங்கே பேச்சு. ஒருவனுக்கு வேலை கொடுத்துவிட்டால், அவன் வீட்டுப் பக்கத்தில் என்ன கசிகிறது என்பதை மறைக்கும் உரிமையும் சேர்ந்து வந்துவிடுமா?

செய்தி வராமல் போவதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. சொன்னால் யாருக்கு நஷ்டமோ, அவரிடமே சொல்லும் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் போதும். மௌனம் தானாக நடக்கும். கசிவு உறுதியானதும் 24 மணி நேரத்துக்குள் கீழ்த்திசை ஊர்களுக்கு நேரடியாகச் சொல்லியாக வேண்டும், சொல்லாத ஒவ்வொரு நாளுக்கும் லாபத்தில் ஒரு பங்கு அபராதம் என்று சட்டம் வரட்டும். சுத்தம் செய்யும் செலவு முழுவதையும் முன்பணமாகக் கட்டட்டும். அப்புறம் பாருங்கள், கம்பெனிகளுக்கு எவ்வளவு சீக்கிரம் வாய் திறக்கிறது என்று.

பலூன் வந்தது, போனது. குட்டைகள் அங்கேயேதான் இருக்கின்றன.