சர்க்கரையை மறைத்த ஆறு வருடம்

போன வாரம் எதிர் வீட்டுப் பையன் வந்தான். வயது 29. ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. சர்க்கரை கூடிப்போய் இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "தாத்தா, கம்பெனியில சொல்லலாமா, வேணாமா?" என்று கேட்டான்.

எனக்கு இந்த வியாதி வந்தபோது வயது 38. தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். ஆறு வருடம் யாருக்கும் சொல்லவில்லை. விடிகாலையில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். 'சீக்காளி' என்று பெயர் வந்தால் நல்ல செக்ஷன் கிடைக்காது என்ற பயம்.

ஒரு ஜமாபந்தி சமயம். மதியம் இரண்டரை ஆகியும் சாப்பிடவில்லை. கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன். காக்கா வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள்! எனக்கு வேண்டியிருந்ததோ ஒரு ஸ்பூன் சர்க்கரை. மறைத்தது நான், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

மறுநாள் சூப்பரின்டெண்டிடம் சொன்னேன். "முன்னமே சொல்லக் கூடாதாய்யா?" என்றார். தினம் 11 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிடப் பத்து நிமிடம். அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. அதை வைத்துக்கொண்டே ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தேன்.

ஆனால் அவர் நல்ல மனிதர், நான் நிரந்தர ஊழியன். பையனுக்கு இரண்டும் நிச்சயமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்கிறது. அதன் பட்டியலில் 21 வகை உண்டு. சர்க்கரை வியாதி இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். மாத்திரை வீடு தேடி வருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் அந்த மாத்திரையைச் சாப்பிடுபவர் பகலெல்லாம் இருப்பது வேலை இடத்தில்.

என்னோடு காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த அத்தை மகன் பிரான்சில் வேலை பார்த்தான். இருதய ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச மாதம் அரை நாள் வேலைக்குப் போனான். அதற்கு அங்கே 'மி-தான் தெராப்பெத்திக்' என்று பெயர்; டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும், விட்டுப்போன சம்பளத்தில் ஒரு பங்கைக் காப்பீடு கொடுக்கும். நம்மிடம் முழு வேலை, இல்லாவிட்டால் முழு லீவு. லீவு இல்லாதவனுக்கு வேலையே இல்லை. நான் அவ்வளவு பெரிதாகக்கூடக் கேட்கவில்லை. சாப்பிடவும் ஊசி போடவும் பத்து நிமிடம், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் சேர்த்து, ஒரு விதியாக வரட்டும். நல்ல அதிகாரி கிடைப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி ஊசி போட முடியாது.

பையனிடம் சொன்னேன்: "மேனேஜரிடம் சொல்வதை யோசித்துச் செய். ஆனால் பக்கத்து மெஷின்காரனிடம் நாளைக்கே சொல். சட்டைப்பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள். மயக்கம் போட்டால் சாவி வேண்டாம், ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்று அவனிடம் சொல்லி வை."

சிரித்தான். சொல்வான் என்று நம்புகிறேன்.