ட்ரிப்பிங் செய்ய எந்தக் கருவி நல்லது? முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எந்த லேப்டாப் வாங்கலாம், இன்வெர்ட்டருக்கு எத்தனை ஆம்பியர் பேட்டரி போடலாம் என்றெல்லாம் கேட்பார்கள். இப்போது செட்டிகுளம் பக்கத்து கல்லூரித் தம்பிகள் சிலர் புதிதாக ஒன்று கேட்கிறார்கள். “அண்ணே, வேப்பில் ட்ரிப்பிங் செய்ய எந்த மாடல் நல்லா இருக்கும்?”

“அதெல்லாம் கெட்ட பழக்கம்” என்று ஒரே வரியில் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. அவர்களை இழுப்பது புகையை விட அந்தக் கருவிதான். அதில் பேட்டரி, சுருள் கம்பி, வாட் எல்லாம் இருக்கிறது. ஆகவே எலக்ட்ரானிக்ஸ் வழியிலேயே பதில் சொல்கிறேன்.

ட்ரிப்பிங் என்றால் என்ன? சாதாரண மின்சிகரெட்டில் திரவம் ஒரு தொட்டியில் இருக்கும். ட்ரிப்பிங் கருவியில் தொட்டி கிடையாது. கையால் சுற்றிய கம்பிச் சுருளுக்குள் பஞ்சைத் திணித்து, அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் திரவத்தை விட்டு, பட்டனை அழுத்தி ஆவியை இழுக்க வேண்டும். ஆவி அடர்த்தியாக வரவேண்டும் என்று சுருளின் மின்தடையைக் குறைத்துக்கொண்டே போவார்கள். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி நினைவிருக்கிறதா? மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். இக்கருவிகளில் அதிகம் பயன்படுவது 18650 என்ற லித்தியம் அயான் செல். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருப்பதும் இதே அளவு செல்தான். முழுதாக சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். சுருள் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர் ஓடும். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர், அதாவது சுமார் 88 வாட். சர்க்யூட் போர்டில் ஈயம் வைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல் மூன்றரை மடங்கு சக்தியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்!

லேப்டாப் செல்கள் பெரும்பாலும் 5 முதல் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். அதிக மின்னோட்டத்துக்கென்றே செய்யப்படும் செல்கள் தனி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை மாற்றிவிட்டால் சாதா செல்லும் உயர்ந்த செல் ஆகிவிடும். எங்கள் ஊரில் சின்ன வெங்காயத்தைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்து, அழுகலைத் தள்ளிவிட்டுத்தான் வாங்குவார்கள். செல்லை அப்படி அமுக்கிப் பார்க்க முடியுமா?

சில கருவிகளில் மின்தடையை அளந்து, அளவுக்கு மீறினால் நிறுத்திவிடும் சிப் இருக்கும். ட்ரிப்பிங் பிரியர்கள் விரும்பும் ‘மெக்கானிக்கல் மாடு’ வகையில் அதுவும் கிடையாது. வெறும் உலோகக் குழாய், ஒரு செல், ஒரு பட்டன். ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை. லித்தியம் செல் ஒரு அளவுக்கு மேல் சூடானால் உள்ளே நடக்கும் வேதிவினையே மேலும் சூட்டைக் கிளப்பும். அடைத்த குழாய்க்குள் வாயு சேர்ந்தால் வெடிக்கும். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஓர் இளைஞரும் இப்படிக் கருவி வெடித்து இறந்தார்கள்.

பேட்டரி சரியாகவே இருந்தாலும், பஞ்சில் ஈரம் எவ்வளவு மிச்சம் என்று காட்ட மீட்டர் கிடையாது. காய்ந்த பஞ்சோடு பட்டனை அழுத்தினால் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் உண்டாகும். நிகோடின் திரவ பாட்டிலோ வீட்டில் சிறு குழந்தைகள் கையில் சிக்கினால் விஷம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழகத்தில் 2018-லேயே தடை வந்தது. 2019-ல் மத்திய அரசு முதலில் அவசரச் சட்டமும், பிறகு நாடு முழுவதற்குமான சட்டமும் கொண்டு வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நிகோடின் இல்லாத திரவம் என்றாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம், அதுவும் அடங்கும். முழுக் கருவிக்கு மட்டுமல்ல, உதிரி பாகத்துக்கும் தடை பொருந்தும். சுருளை மட்டும் வாங்கி விற்கலாம் என்ற கணக்கும் செல்லாது.

“பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் தாராளமாகக் கிடைக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் தடை?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் புகைப்பவர்கள் அதை விட்டு இதற்கு மாறலாம் என்று சுகாதாரத் துறையே சொல்லி வந்திருக்கிறது. அது விவாதிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அங்கே திரவத்தில் நிகோடின் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு, பொருளை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இங்கே நாம் வாங்கும் பவர் பேங்க்குக்குக்கூட பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். ரகசியப் பார்சலில் வரும் வேப்புக்கு என்ன முத்திரை? பில் இல்லை, வாரண்டி இல்லை. வெடித்தால் நுகர்வோர் நீதிமன்றத்தில் போய் நிற்கவும் முடியாது.

ஆகவே என் கருத்து இதுதான். ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அதன் மேல் எழுதியிருப்பதை நம்ப முடிய வேண்டும். நம்பவே முடியாத இடத்தில் ‘நல்ல மாடல்’ என்று எதையும் சொல்ல முடியாது. யாராவது சொன்னால் அது அதிர்ஷ்டத்தைச் சொல்வதுதான்.

புகையை விட வேண்டும் என்பதற்காக இதைத் தேடுகிறவர்கள் 1800-11-2356 என்ற இலவச அரசு எண்ணில் ஆலோசனை பெறலாம். மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

கருவி மேல்தான் ஆசை என்றால் இன்னும் நல்லது. பில்லோடு செல் வாங்கி, பாதுகாப்பு சர்க்யூட் சேர்த்து, ராத்திரி மோட்டார் போடப் போகும் அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட் செய்து கொடுங்கள். அதே ஓம் விதி, அதே சால்டரிங். மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது!