நீண்ட சொல்லைக் கண்டு நடுக்கம் ஏன்?

ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னால் நம் மாணவியர் நன்றாகத்தான் தொடங்குகிறார்கள். "எக்ஸாமினேஷன்" போன்ற நீண்ட சொல் எதிர்ப்பட்டதும் குரல் இறங்கிவிடுகிறது. பின் வரிசையில் சிரிப்பு. அப்புறம் அந்தப் பெண் ஆண்டு முழுவதும் வாசிக்க எழுந்திருப்பதில்லை. குற்றம் அவளுடையதன்று. எழுத்துக்கூட்டி ஒப்பிக்க வைத்த நாம், சொல்லைப் பிரித்து ஒலிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் கருத்து.

பிரிப்பது நமக்குப் புதிதா? தமிழ் வகுப்பில் குறளை அலகிட்டு நேர், நிரை என்று எழுதும் கைகள்தாமே! ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. "கருவிளம்" நமக்கு இரண்டே அசை. ஆங்கிலக் கணக்கில் க-ரு-வி-ளம் என நான்கு. உயிரொலி எத்தனையோ அசையும் அத்தனை.

அழுத்தந்தான் கடினம். நம் ஊர்ப் பெயரைச் சங்-க-ரன்-கோ-வில் என்று ஐந்தசையையும் ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலமோ ஓரசையை ஓங்கி ஒலித்து, மற்றவற்றுள் சிலவற்றை விழுங்கியே விடும். "வெஜிடேபிள்" என்பதில் நாம் ஒரு மேசையையே போட்டு நான்கசையாக்குகிறோம். அவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றே. "ஹோட்டல்" என்பதில் நாம் முன்னசையை அழுத்த, அவர்கள் பின்னசையை அழுத்துகிறார்கள். "போட்டோகிராப்" என்றால் அழுத்தம் முதலசையில். "போட்டோகிராபர்" ஆனால் இரண்டாவதில். "போட்டோகிராபிக்" ஆனால் மூன்றாவதில்! பிள்ளைகள் திணறாமல் என்ன செய்வார்கள்?

ஆயினும் வழி உண்டு. "ஷன்" என்று முடியும் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்திய அசையில் விழும். "எக்ஸாமினேஷ"னில் "நே" ஓங்கும். "யூனிவர்சிட்டி"யில் "வர்" ஓங்கும், "எலெக்ட்ரிசிட்டி"யில் "ட்ரி". ஐயம் வந்தால் அகராதி இருக்கிறது. டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில், ஓங்கும் அசைக்கு முன்னே சிறு கோடு இருக்கும். வேறு சிலவற்றில் கோடு பின்னே வரும். முகவுரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

"வெள்ளைக்காரரைப் போலப் பேசத்தான் வேண்டுமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். வேண்டாம். நம் நாக்கு நம் நாக்காகவே இருக்கட்டும். ஆனால் அழுத்தம் இடம் மாறினால், கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகலாம். விஷயம் தெரிந்த பெண் நேர்முகத் தேர்வில் அதனால் பின்தங்கலாமா?

வாரத்தில் ஒரு நாள், ஆங்கிலப் பாடவேளையில் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். பாடத்திலுள்ள நீண்ட சொற்களைக் கைதட்டிப் பிரிக்கட்டும். ஓங்கும் அசைக்கு மட்டும் பலமாகத் தட்டட்டும். வகுப்பே சேர்ந்து தட்டும்போது பின் வரிசைக்குச் சிரிக்க நேரமிராது. வீட்டிலும் தொடரலாம். தாய்க்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, தட்டுகளை எண்ணத் தெரியுமல்லவா?